பேசரும் ஸ்பிரிண்டரும்: ஓர் ஒப்பீடு

பழைய டீசல் ரயில்களை மாற்றியே தீர வேண்டிய நிலையில், நிதி போதாத பிரிட்டிஷ் ரயில் நிறுவனம் 1980களில் கிளைப்பாதைகளுக்கு இருவகை வண்டிகளை இறக்கியது. அவற்றுள் மலிவான பேசரின் 142ஆம் வகை, லேலண்ட் நேஷனல் பேருந்தின் பாகங்களைக் கொண்டு கட்டப்பட்டு, பெட்டிக்கு இரண்டே அச்சுகளின்மேல் ஓடியது; போகி, அதாவது பெட்டிக்கு அடியில் வளைவுக்கேற்பத் திரும்பும் சக்கரச் சட்டம், இல்லாததால் வளைவுகளில் சக்கரங்கள் தண்டவாளத்தோடு உரசிக் கிறீச்சிட்டன, இணைப்புகள்தோறும் பயணிகளைத் தூக்கிப் போட்டது. யார்க்கில் கட்டப்பட்ட 150ஆம் வகை ஸ்பிரிண்டருக்குப் போகிகள் உண்டு. எடை கூடுதல், விலையும் கூடுதல். உச்ச வேகம் இரண்டுக்கும் மணிக்கு 75 மைல்தான்.

பேசர் இல்லையெனில் சில கிளைப்பாதைகள் மூடப்பட்டிருக்கும் என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது. எனினும் இடைக்கால ஏற்பாடாக வந்ததை முப்பதாண்டுகளுக்கும் மேல் ஓட்டியது சிக்கனமன்று, அலட்சியமே. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகள் நெருக்கியதால் 2021இல் பேசர் பயணிகள் சேவையிலிருந்து விலகியது. ஸ்பிரிண்டரோ மாற்றியமைக்கப்பட்டுத் தொடர்ந்து ஓடியது.