பெர்க்கீன் புரட்சி அருங்காட்சியகம்: போராளிகளே காட்டும் போர்

மத்திய அமெரிக்க நாடான எல் சல்வடோரின் வடகிழக்கில், மொராசான் மலைப்பகுதியின் பெர்க்கீன் ஊரில் உள்ள இந்த அருங்காட்சியகம், பன்னிரண்டு ஆண்டு உள்நாட்டுப் போர் முடிவுக்கு வந்த 1992ஆம் ஆண்டிலேயே, அரசை எதிர்த்துப் போரிட்ட முன்னாள் போராளிகளால் தொடங்கப்பட்டது. போரில் நின்றவர்களே வழிகாட்டிகளாக வந்து விளக்குவதுதான் இதன் பெரும்பலம். விளக்கங்கள் ஸ்பானிய மொழியில் இருப்பதால், அம்மொழி அறிந்தவரைத் துணைக்கு அழைத்துச் செல்வது நல்லது.

துப்பாக்கிகளும் சுவரொட்டிகளும் எந்தப் போர் அருங்காட்சியகத்திலும் உண்டு. இங்கே நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டியவை இரண்டு: 1981 சனவரியில் தொடங்கி, இராணுவம் தேடத் தேட இடம் மாறி ஒலித்த கெரில்லா வானொலியான ரேடியோ வென்செரேமோஸின் ஒலிபரப்புக்கூடமும், கர்னல் தொமிங்கோ மொந்தெரோசா பயணம் செய்த ஹெலிகாப்டரின் சிதைவும். 1981 டிசம்பரில் எல் மொசோத்தேயிலும் சுற்றுக் கிராமங்களிலும் குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 1,000 பேரைக் கொன்ற, ‘அட்லகாட்டில்’ என்ற இராணுவப் படைப்பிரிவின் தளபதி அவர். அந்த வானொலியின் ஒலிபரப்புக் கருவியைக் கைப்பற்றிவிட்டதாக நம்பி, போராளிகள் குண்டு பொருத்தி விட்டுச்சென்ற கருவியை அவர் ஏற்றிச் சென்றபோது, 1984 அக்டோபர் 23 அன்று அது நடுவானில் வெடித்தது. இதை வெற்றிச் சின்னமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவருடன் பயணம் செய்த மற்றவர்களும் அதில் இறந்தார்கள்.

இது ஒரு தரப்பின் நினைவகம் என்பதை அறிந்துகொண்டுதான் உள்ளே செல்ல வேண்டும். ஐக்கிய நாடுகளின் உண்மை ஆணையம் 1993இல், தன்னிடம் வந்த முறையீடுகளில் சுமார் 85 விழுக்காட்டில் அரசுப் படையினரும் அவர்களைச் சார்ந்த குழுக்களும், சுமார் 5 விழுக்காட்டில் போராளி அமைப்புகளின் கூட்டணியான ஃபராபுந்தோ மார்த்தி முன்னணியும் குற்றம்சாட்டப்பட்டதாகப் பதிவுசெய்தது. இரு தரப்பின் குற்றங்களும் ஒரே அளவினவல்ல என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. ஆயினும் முன்னணி மேயர்களைக் கொன்றதையும், அதன் உறுப்பு அமைப்பாக மொராசானில் ஓங்கி நின்ற மக்கள் புரட்சிப் படை, முன்னணி உருவாகும் முன்பே 1975இல் தன் உறுப்பினரான கவிஞர் ரோக்கே தால்தோனைக் கொன்றதையும் வழிகாட்டியிடம் தயங்காமல் கேளுங்கள். அந்த உரையாடலுக்காகவே இவ்வளவு தூரம் செல்லலாம்.

அருகிலுள்ள எல் மொசோத்தே நினைவிடத்தையும் அதே நாளில், முடிந்தால் அருங்காட்சியகத்துக்கு முன்பாகவே பார்த்துவிடுவது நல்லது. இந்த மலைக் கிராமத்தவர் பலர் ஏன் ஆயுதம் ஏந்தினார்கள் என்பதற்கான விடையின் பெரும்பகுதி அங்கே இருக்கிறது.