தீபாவளிக்குச் செவலையை விட்டுவந்த காப்பகம்

கடந்த தீபாவளிக்கு நான்கு நாட்கள் தங்கை வீட்டில் தங்க வேண்டியிருந்ததால், எங்கள் ஆறு வயது நாட்டு நாய் செவலையை நாகமலைப் புதுக்கோட்டைக்கு அப்பால் உள்ள ஒரு நாய்க் காப்பகத்தில் விட்டுச் சென்றோம். அதற்கு முந்தைய ஆண்டு, தல்லாகுளத்தில் எங்கள் தெருவில் கொளுத்திய சரவெடிக்கு மிரண்டு, கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடியவளை இரண்டாம் நாள் மாலையில்தான் வைகைக் கரையோரம் கண்டுபிடித்தோம். ஆகவே காப்பகம் தேடியபோது, வெடிச்சத்தம் அவளை எந்த அளவுக்கு எட்டும் என்பதையே எல்லாவற்றுக்கும் முன்னால் பார்த்தேன்.

அந்த வகையில் இந்த இடம் எனக்கு முழு நிறைவு அளித்தது. குடியிருப்புகளை விட்டு விலகிய தென்னந்தோப்பில், கனத்த சுவர்களைக் கொண்ட பழைய பண்ணை வீடு ஒன்றைக் காப்பகமாக மாற்றியிருக்கிறார்கள். பயந்த நாய்களுக்கென்று தெருப்பக்கம் சன்னலே இல்லாத உள்ளறைகள் இரண்டு இருக்கின்றன. அங்கே மாலை ஐந்து மணிக்கே மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிட்டு, வெளிச்சத்தம் தனித்துக் கேட்காதபடி செய்துவிடுகிறார்கள். தமிழகத்தில் 2018 முதல் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் மட்டுமே வெடிக்க அனுமதி என்றாலும், நள்ளிரவு வரை சத்தம் ஓய்வதில்லை என்பதை மதுரையில் இருப்பவர்கள் அறிவார்கள். மனிதச் செவிக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும்; நாய்க்கு அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கும். அந்த வேதனையைப் புரிந்துகொண்டவர்கள் அமைத்த அறை அது.

தடுப்பூசி அட்டையில் வெறிநோய் ஊசியின் தேதியைச் சரிபார்த்த பிறகே பதிவு செய்தார்கள். பண்டிகைக்கு இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு நாள் மட்டும் விட்டுப்பார்க்கச் சொன்னதால், புது இடத்தின் மிரட்சி வெடியின் மிரட்சியோடு சேர்ந்துகொள்ளவில்லை. தூக்க மருந்து கொடுத்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு, கால்நடை மருத்துவர் எழுதித் தராத எதையும் கொடுக்க மாட்டோம் என்று உறுதியாக மறுத்தார்கள். அசிப்ரோமசின் போன்ற மருந்துகள் உடலை அசையவிடாமல் செய்யுமே தவிர பயத்தைப் போக்குவதில்லை என்பதால், அந்த மறுப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பணியாளர்களுக்காக நாங்கள் கொண்டுபோன லட்டுப் பெட்டியை, அங்கிருந்த அம்மா வாங்கிய கையோடு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவைத்தார். லட்டில் இருக்கும் உலர் திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியது. எத்தனை தின்றால் ஆபத்து என்பதை முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அவர் அதை அறிந்திருந்தார். வெங்காயம் சேர்ந்த கறிக்குழம்பும் சாக்லேட்டும் உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். சாப்பாடு சோறும் வேகவைத்த கோழியும்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை இருப்பது முன்வாசலில். முற்றத்தில் நாய்கள் உலவும்போது யாராவது வந்தால், அந்த ஒற்றை இரும்புக் கதவைத் திறந்தாக வேண்டும்; மிரண்ட நாய் ஒன்று அந்த நொடியில் வெளியே பாய்ந்தால் தடுக்க இரண்டாவது கதவு கிடையாது. ஒரு முறை செவலையைத் தொலைத்துத் தேடிய எனக்கு இதை எளிதாகக் கடந்து போக முடியவில்லை. நாளுக்கு இரண்டு படங்கள் அனுப்புவதாகச் சொன்னவர்கள், தீபாவளி அன்று இரவு பத்து மணிக்குத்தான் முதல் படத்தை அனுப்பினார்கள். அதுவரை நான் பட்ட கவலையை அவர்களிடம் சொன்னபோது மன்னிப்புக் கேட்டார்கள். வழக்கமாக நாளுக்கு 600 ரூபாய், பண்டிகை நாட்களில் 900 என்பது அதிகம்தான்; ஆனால் இரவு முழுவதும் உள்ளறையில் ஓர் ஆள் படுத்திருப்பதால் அதைக் கொடுக்க நான் தயங்கவில்லை.

திரும்பி அழைக்கப் போனபோது செவலை வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். முந்தைய ஆண்டைப் போல மூன்று நாள் கட்டிலுக்கடியில் பதுங்கிக் கிடக்கவில்லை. அடுத்த தீபாவளிக்கும் அங்கேயே இடம் சொல்லிவைத்திருக்கிறேன். இரண்டாவது கதவு போடுவதாக உரிமையாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார். புரட்டாசியிலேயே நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கட்டுவேன்.