ஊட்டியில் வாங்கிய 1050 டிஐ போலி: பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நீலகிரியில் யாராவது செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு (கம்ப்யூட்டரில் கேம் படங்களைத் திரைக்குத் தரும் பாகம்) வாங்கப் போகிறீர்கள் என்றால், பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 5,800 ரூபாய் போய்விட்டது.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2014-இல் அசெம்பிள் செய்தது. நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், அப்போது போட்ட ஜிடி 610 கார்டு. தம்பி ப்ளஸ் டூ முடித்துவிட்டு லீவில் ஜிடிஏ 5 விளையாட வேண்டும் என்றான். பட்ஜெட் 6,000. அதில் பாதி அம்மா தேயிலை பறித்துச் சேர்த்தது. எங்கள் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) சாதாரணமானது, கார்டுக்கென்று தனி பவர் வயர் அதில் கிடையாது. தனி வயர் இல்லாமல் மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்து 75 வாட்டில் ஓடுகிற, என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபிதான் நமக்குச் சரி என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை.

கோத்தகிரியில் கிடைக்கவில்லை. கட்டபெட்டு வழியாக பஸ் பிடித்து ஊட்டி போனேன். நல்ல மழை, கடையில் கரண்ட் இல்லை. "டெஸ்ட் பண்ணி வெச்சதுதான் தம்பி, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். கார்டின் பின்னால் மானிட்டர் வயரைச் செருகும் பழைய விஜிஏ போர்ட் இருந்தது. எங்கள் மானிட்டரும் விஜிஏதான் என்பதால், கன்வெர்ட்டர் செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். கார்டில் 6 பின் பவர் சாக்கெட்டும் இருந்தது. அதை எஸ்எம்பிஎஸ்ஸோடு இணைக்க ஒரு மோலெக்ஸ் வயரைச் சும்மாவே கொடுத்தார். கிளம்பும்போது, "பென் டிரைவ்ல இருக்கற டிரைவரை மட்டும் போடுங்க, அப்டேட் மட்டும் குடுத்துடாதீங்க" என்றார். டிரைவர் என்றால் கார்டை விண்டோஸோடு சேர்த்து இயக்கும் மென்பொருள். சரிண்ணா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

முதல் நாள் எதுவும் தெரியவில்லை. ஜிடி 610-ஐ விட வேகமாகத்தான் இருந்தது. விண்டோஸும் 1050 டிஐ, 4 ஜிபி என்றே காட்டியது. ஆனால் கேமில் செட்டிங்கைக் கொஞ்சம் ஏற்றினால் பத்து நிமிடத்தில் திரையில் கோடு கோடாக விழுந்து அப்படியே நின்றுவிடும். என்விடியா தளத்திலிருந்து புது டிரைவரை இறக்கிப் போட்டேன், திரை கறுப்பாகிவிட்டது. அப்புறம்தான் கார்டுக்குள் என்ன சிப் இருக்கிறது என்று காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். கார்டின் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று காட்டியது. உள்ளே இருந்தது 2010-இல் வந்த ஜிடிஎஸ் 450 வகைச் சிப். அதில் 192 கோர் (கணக்குப் போடும் அலகு). உண்மையான 1050 டிஐயில் 768.

போலி தயாரிப்பவர்கள் செய்வது இதுதான்: பழைய கார்டின் பயாஸை (கார்டு தன் பெயரையும் மெமரியையும் சொல்லும் உள் மென்பொருள்) அழித்துவிட்டு, புதிய கார்டின் பெயரையும் 4 ஜிபி என்ற பொய்க் கணக்கையும் அதில் ஏற்றிவிடுகிறார்கள். விண்டோஸ் அதை அப்படியே நம்பிக் காட்டுகிறது. நிஜ மெமரி 1 ஜிபிதான். கேம் அதைத் தாண்டிக் கேட்ட உடனே விழுந்துவிடுகிறது. கடையில் நான் பார்த்த விஜிஏ போர்ட், 6 பின் சாக்கெட், கேட்ட 'அப்டேட் போடாதே' பேச்சு, மூன்றுமே இதற்கான அடையாளங்கள். ஜிடிஎக்ஸ் 10 வரிசைச் சிப்புகளில் விஜிஏ வெளியீடே கிடையாது. 6 பின் சில நிஜ 1050 டிஐ கார்டுகளிலும் உண்டு, அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் விஜிஏவும் 'அப்டேட் போடாதே' என்ற பேச்சும் சேர்ந்தால் அந்தக் கார்டைத் தொடவே தொடாதீர்கள்.

திரும்பப் போய் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். "இது எங்க கார்டுதான்னு என்ன தம்பி ஆதாரம்?" என்று கேட்டார். என் கையில் இருந்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. 'கிராபிக்ஸ் கார்டு 4 ஜிபி – 1' என்பதைத் தவிர மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. எனக்கு அதிகம் வலித்தது இந்தச் சீட்டுதான். பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கரண்ட் இல்லை என்றால் வரும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் இன்னொரு நாள் போங்கள். ஜிபியு-இசட்டைப் பென் டிரைவில் கொண்டுபோய் அவர்கள் மெஷினிலேயே ஓட்டிப் பாருங்கள். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, இரண்டு நிமிட வேலை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் நடக்கவில்லை என்றால் ஊட்டியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. சீட்டு பலவீனம்தான், ஆனாலும் போவேன்.

கடைசியில் கடைக்காரர் ஆயிரம் ரூபாய் தருகிறேன், கார்டை வைத்துவிட்டுப் போ என்றார். வைத்திருந்தால் அடுத்த வாரமே இன்னொரு பையனிடம் அதே 5,800-க்கு விற்றிருப்பார். கார்டை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸில் கோத்தகிரி வந்துவிட்டேன்.