நாலு வாயிலேயே வயிறு நிறைந்தால்: குறைத்துச் சாப்பிடுவதா, குழைத்துச் சாப்பிடுவதா?

பாதத்தில் எரிச்சலும் மரமரப்பும் தருகிற அதே நரம்புப் பாதிப்பு, இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பையும் விட்டுவைப்பதில்லை. நீண்டகால நீரிழிவில் இது அதிகம். விளைவாக வருகிற கோளாறு ஒன்றல்ல, இரண்டு. உணவு இறங்கியதும் இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். தளராவிட்டால் நாலு வாயிலேயே "போதும்" என்றாகிவிடும். கீழ்ப்பகுதி திட உணவை 1–2 மி.மீ. துகள்களாக அரைத்துச் சிறுகுடலுக்குத் தள்ள வேண்டும். அது சோர்ந்துபோனால் காலையில் சாப்பிட்டது மாலையிலும் எதுக்களிக்கும். பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

மூன்று வேளை உணவை ஐந்தாறாகப் பிரித்துச் சாப்பிடுவதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் வழி. மேல்பகுதி தளராதவர்களுக்கு இது நன்றாகவே உதவும். இரைப்பை காலியாவதே தாமதம் என்றால் கதை வேறு: முந்தைய வேளை இன்னும் உள்ளே கிடக்கும்போது அடுத்தது வந்து சேர்கிறது. பச்சைக் காய்கறி, தோலோடு பழம், முழுத்தானியம் என்று சாப்பிட்டுக்கொண்டு அளவை மட்டும் குறைத்தால் உபாதை குறையாது, உடம்புதான் இளைக்கும்.

எனவே முதலில் மாற்ற வேண்டியது உணவின் பதத்தை. முள்கரண்டியால் அழுத்தினால் மசிய வேண்டும், இதுதான் அளவுகோல். தோல், விதை, நார் நீக்கி நன்கு வேகவைத்த காய், மசித்த உருளைக்கிழங்கு, உதிரும் மீன், முட்டை, தயிர் இவையெல்லாம் சரி. வயிறு செய்ய முடியாத அரைவையை அடுப்பும் மிக்ஸியும் செய்துவிடுகின்றன. திரவத்துக்கு அரைவையே தேவையில்லை; கீழ்ப்பகுதி சோர்ந்திருந்தாலும் பெரும்பாலும் இறங்கிவிடும். பொழுது சாயச் சாய நிறைவு கூடுகிறவர்கள் காலையில் மசித்த உணவும், மாலைக்குப் பிறகு திரவ உணவுமாக வைத்துக்கொள்ளலாம்.

திரவத்தில் நடக்கும் தவறு, தெளிந்த சூப்பும் பழச்சாறுமாகவே காலம் தள்ளுவது. புரதமும் கலோரியும் போதாமல் எடை சரியும். பழச்சாறு சர்க்கரையை ஏற்றும். ஏறிய சர்க்கரை இரைப்பையை இன்னும் மந்தமாக்கும். பால், தயிர், அரைத்த பருப்பு, புரதப் பானம் என்று சத்துள்ளதாகக் குடியுங்கள். கொழுப்பு இரைப்பையைத் தாமதப்படுத்தும்தான். ஆனால் வறுத்த திட உணவைத் தாங்காத வயிறு, பாலில் உள்ள கொழுப்பை அநேகமாகத் தாங்கும். எடை குறைகிறவர்கள் அதையும் விலக்க வேண்டாம்.

மலச்சிக்கலும் கூடவே வரும். அதற்காக இசப்கோல் போன்ற நார்ப்பொடியை எடுத்தால் மந்தமான இரைப்பையில் அது உப்பித் தங்கும், கட்டியாகவும் திரளலாம். தண்ணீரில் கரையும் மலமிளக்கியான பாலிஎத்திலீன் கிளைக்கால் இவர்களுக்குப் பொருத்தம்.

சாப்பிட்டதும் படுப்பதைவிட மெதுவாக நடப்பது மேல். ஒன்றிரண்டு மணி நேரமாவது நிமிர்ந்திருங்கள்.

பதம் மாற்றியும் தீராவிட்டால் மாத்திரை. மெட்டோகுளோபிரமைடு இரைப்பையை முடுக்கும், குமட்டலையும் அடக்கும். வழக்கமாக உணவுக்கு அரைமணி முன் 5–10 மி.கி. ஆனால் அது மூளைக்குள் நுழைவதால் முகமும் நாக்கும் தன்னிச்சையாக அசையும் கோளாறு வரலாம்; சில சமயம் மாறவே மாறாது. அதனால்தான் 12 வாரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். இரைப்பையை முடுக்கும் இன்னொரு மாத்திரையான டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போகாது. அதன் ஆபத்து இதயத் துடிப்பின் லயத்தில், ஆகவே ஈசிஜி பார்த்துத் தொடங்குவது நல்லது. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இரைப்பையை முடுக்கும்; வேகமாக வேலை செய்யும், சில வாரங்களில் பலன் மங்கிவிடும். டோம்பெரிடோனையும் எரித்ரோமைசினையும் சேர்த்து எடுக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தாகக் குலையலாம்.

புது மாத்திரைக்கு முன் பழைய சீட்டைப் பாருங்கள். நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணிகள், நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்கும் தரும் செமாகுளூடைடு போன்ற ஊசிகள் எல்லாமே இரைப்பையை மந்தமாக்குபவை. வலிக்கு எடுத்த மருந்தே வயிற்றைக் கட்டிப்போட்டிருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். உணவுக்கு முன் இன்சுலின் போடுகிறவர்கள் நேரத்தையும் அளவையும் அவரோடு பேசியே ஆக வேண்டும்: உணவு இறங்குமுன் இன்சுலின் வேலை செய்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும், பிறகு தாமதமாக எகிறும்.

நரம்புதான் காரணம் என்று முடிவுகட்டுமுன் எண்டோஸ்கோபி அவசியம். இரைப்பைப் புண்ணும் புற்றுநோயும்கூட இதே நிறைவைத் தரும். அடுத்தது இரைப்பை காலியாகும் ஸ்கேன். 4 மணி நேரம் கழித்தும் உணவில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தாமதம் உறுதி. 2 மணி நேரத்தோடு முடித்துவிடும் ஸ்கேனில் பலருடைய தாமதம் தப்பிவிடும். 4 மணி நேரமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தியில் ரத்தம், கறுத்த மலம், தண்ணீர்கூட நிற்காத நிலை இவற்றுக்கு ஸ்கேன் தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.