இரண்டு கிராபிக்ஸ் கார்டு: எஸ்.எல்.ஐ. காலத்திலிருந்து இன்று வரை என் அனுபவம்

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டை எஸ்.எல்.ஐ.யில் (இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஒரே கேமை ஓட்டும் என்விடியாவின் முறை) இணைத்துச் சில வருடங்கள் ஓட்டினேன். இப்போதும் என் கேபினெட்டில் இரண்டு கார்டுகள் இருக்கின்றன, ஆனால் அவை செய்யும் வேலையே வேறு. "பழைய கார்டு சல்லிசாகக் கிடைக்கிறது, இன்னொன்று சேர்த்தால் வேகம் இரட்டிப்பாகுமா?" என்று இன்னும் கேட்கிறார்கள். ஆகாது.

எஸ்.எல்.ஐ.யில் கார்டுகள் முறை வைத்து வேலை செய்யும். ஒரு பிரேமை (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றை) இது வரைந்தால் அடுத்ததை அது வரையும். ஒரே காட்சியை இரண்டும் வரைவதால் இரண்டின் மெமரியிலும் ஒரே டேட்டா இருந்தாக வேண்டும். ஆக, 4 ஜிபியும் 4 ஜிபியும் சேர்ந்தாலும் 4 ஜிபிதான். 970-ல் அந்த நாலிலும் கடைசி அரை ஜிபி மெதுவானது. விவகாரம் கோர்ட்டுக்குப் போய், அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குக் கார்டுக்கு 30 டாலர் தர 2016-ல் என்விடியா ஒத்துக்கொண்டது. (நமக்கெல்லாம் அது கிடையாது.)

மதர்போர்டிலும் கறார்தான். இரண்டு ஸ்லாட்டுக்கும் குறைந்தது எட்டு லேன் (டேட்டா போகும் பாதை) வேண்டும், இல்லாவிட்டால் டிரைவர் எஸ்.எல்.ஐ.யை அனுமதிக்காது. போட்டி கம்பெனியான ஏஎம்டியின் இதே மாதிரி முறையான கிராஸ்ஃபயர் நாலு லேனிலும் ஓடும். நான் இசட்97 போர்டும் 750 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை) போட்டிருந்தேன். கார்டுக்கு 145 வாட் என்பதால் கரண்ட் பெரிய பிரச்சினையாக இல்லை, சூடுதான் பிரச்சினை. கீழ்க் கார்டு விடும் அனலை மேல் கார்டு அப்படியே உறிஞ்சும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் அது 80 டிகிரியைத் தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

சரி, கேம் எப்படி ஓடியது? ஜிடிஏ 5-ல் திரையின் மூலையில் 90 எஃப்.பி.எஸ். (ஒரு செகண்டுக்கு எத்தனை பிரேம் என்ற கணக்கு) காட்டும். ஆனால் காரைச் சட்டென்று திருப்பினால் தெருவோரக் கம்பங்கள் வழுக்கிக்கொண்டு போகாமல் தத்தித் தத்திப் போகும். ஒரு பிரேம் 6 மில்லிசெகண்டில் வந்து அடுத்தது 16-ல் வந்தால் சராசரி 11, கணக்குப்படி 90 எஃப்.பி.எஸ்.தான். கண் அந்தக் கணக்கை ஏற்காது. விட்சர் 3 நன்றாகவே ஓடியது, அதை மறுக்க மாட்டேன். அதே 2015-ல் வந்த பேட்மேன்: ஆர்காம் நைட்டில் எஸ்.எல்.ஐ. ஆதரவே இல்லாததால் இரண்டாவது கார்டு சும்மா கிடந்தது.

ஒவ்வொரு கேமுக்கும் டிரைவரில் தனி ப்ரொஃபைல் (அந்தக் கேமை இரண்டு கார்டுகளில் எப்படி ஓட்டுவது என்ற செட்டிங்) வேண்டும் என்பதுதான் சிக்கலின் வேர். அப்புறம் புதிய கேம்கள் முந்தைய பிரேமின் தகவலை வைத்து அடுத்த பிரேமை மெருகேற்றத் தொடங்கின. முந்தைய பிரேம் பக்கத்துக் கார்டில் இருந்தால் அதை எடுத்து வருவதற்கே நேரம் போய்விடும். கேம்கள் கார்டோடு பேசப் பயன்படும் விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் 12 இந்தப் பொறுப்பைக் கேம் எழுதுபவர் தலையில் வைத்தது. ரைஸ் ஆஃப் தி டூம் ரெய்டர் கேமை எழுதியவர்கள் மாதிரி ஒரு சிலர்தான் அதற்கு மெனக்கெட்டார்கள். 2021 ஜனவரியோடு புது ப்ரொஃபைல்கள் நின்றன. ஆர்டிஎக்ஸ் 3090-க்கு அடுத்து வந்த 4090-ல் இணைப்புக்கான கனெக்டரே கிடையாது.

970 இரண்டையும் விற்றுவிட்டு ஒற்றை 1070 போட்டேன். ஜிடிஏவில் சராசரி கொஞ்சம் இறங்கியது, ஆனால் தத்தல் போய்விட்டது. மெமரியும் 8 ஜிபி ஆனது.

இப்போது ஆர்டிஎக்ஸ் 3060-ஓடு இரண்டாவதாக ஒரு சின்ன ஏஎம்டி கார்டு இருக்கிறது. கேமை 3060 வரையும், லாஸ்லெஸ் ஸ்கேலிங் மென்பொருள் சின்ன கார்டை வைத்து இடைப் பிரேம்களை உருவாக்கும். மானிட்டர் கேபிளைச் சின்ன கார்டில்தான் செருக வேண்டும், கேமுக்கு எந்த கார்டு என்பதை விண்டோஸ் செட்டிங்ஸில் சொல்லிவிட வேண்டும். பிரிட்ஜ் (எஸ்.எல்.ஐ.யில் இரண்டு கார்டுகளையும் இணைக்கும் துண்டு), ப்ரொஃபைல் எதுவும் வேண்டாம், கம்பெனி வேறாக இருந்தாலும் ஒத்துப்போகும். மவுஸ் அசைவு லேசாகத் தாமதமாகும் என்பதால் சுடும் கேம்களில் அணைத்துவிடுவேன். கதை கேம்களுக்குத் தாராளமாகப் போதும். வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுபவர்களுக்கு இரண்டு கார்டு இன்னும் லாபம். மாடலைப் பிரித்து வைக்கலாம் என்பதால் அங்கே 12 ஜிபி கார்டு இரண்டு சேர்ந்தால் நிஜமாகவே 24 ஜிபி.

வாங்குமுன் மதர்போர்டு மேனுவலில் இரண்டாவது ஸ்லாட்டுக்கு எத்தனை லேன் என்று பாருங்கள். பிரேம்கள் அந்த வழியாகத்தான் தாண்டிப் போக வேண்டும். சில மலிவு போர்டுகளில் ஸ்லாட் முழு நீளத்துக்கு இருந்தாலும் உள்ளே ஒரே ஒரு லேன்தான் ஓடும்.