70 மி.மீ. தொலைநோக்கிப் பெட்டி: புதன் கடப்புக்குத் தேறுமா?

புதன் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகங்கள் விசாரிக்கும் 70 மி.மீ. (முன்வில்லையின் அகலம்) தொலைநோக்கிப் பெட்டியில் குழாய் நல்ல சரக்கு. ஆனால் கூடவே ஓர் ஆபத்தும் வருகிறது. கண்வில்லையில் திருகி மாட்டும் 'சன்' என்ற காசளவு கறுப்புக் கண்ணாடிதான் அது. முன்வில்லை திரட்டும் வெயில் அத்தனையும் அதன் மேல்தான் குவியும். சூட்டில் அது விரிசல் விட்டால் கண்ணை விலக்கக்கூட நேரம் கிடைக்காது. மாணவர் கையில் சிக்குமுன் உடைத்துப் போடுங்கள்.

குழாயின் குவியத் தூரம் 700 மி.மீ. அதைக் கண்வில்லையின் மி.மீ. எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும்: 20 மி.மீ. கண்வில்லையில் 35 மடங்கு, 10 மி.மீ. கண்வில்லையில் 70 மடங்கு. அட்டையில் போட்டிருக்கும் '525 மடங்கு' வெறும் வியாபாரம். இந்த வில்லை 140க்கு மேல் தாங்காது.

2032 நவம்பர் 13 அன்று புதன் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடக்கும். நம் நேரப்படி பிற்பகல் சுமார் 2.40க்குத் தொடங்கி, 4.55 வாக்கில் நடுக்கட்டத்துக்கு வரும். முடிவு 7 மணி தாண்டி என்பதால் அதற்குள் இங்கே பொழுது சாய்ந்துவிடும். 2012இல் வெள்ளி கடந்ததைப் பார்க்கக் கிரகணக் கண்ணாடியே போதுமாக இருந்தது. புதனுக்கு அது உதவாது. சூரியனின் அகலத்தில் ஏறக்குறைய 200இல் ஒரு பங்குதான் அதன் வட்டம். 35 மடங்கில் புள்ளியாகத் தெரியும், 70இல் உருண்டையாகத் தெரியும். சூரியன் மேலேயே தோன்றும் கரும்புள்ளியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கரும்புள்ளியைச் சுற்றிச் சாம்பல் விளிம்பு இருக்கும். புதன் மொட்டைக் கறுப்பு.

வடிகட்டி குழாயின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். ஒளி அடர்த்தி 5 என்று குறித்த சூரியத் தாளைத் தனியாக வாங்குங்கள்; அது வெளிச்சத்தில் லட்சத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். முன்வாய்க்கு இறுக்கமாக அட்டை வளையம் செய்து, தாளைத் தளர்வாக ஒட்டுங்கள். சுருக்கம் தெரிந்தால் தெரியட்டும். சிலர் அழகுக்காக மத்தளத் தோல் மாதிரி இழுத்து ஒட்டுவதால்தான் படம் கெடுகிறது. ஒவ்வொரு முறையும் மாட்டுமுன் விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளி ஓட்டை தெரிந்தாலும் அந்தத் தாள் வேண்டாம். காற்று பிடுங்காதபடி வளையத்தை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். குறிபார்க்கப் பக்கத்தில் மாட்டியிருக்கும் சின்னத் தேடுகுழாயைக் கழற்றிவிடுங்கள். குறி வைக்க நிழலே போதும். தரையில் குழாயின் நிழல் எப்போது மிகச் சிறிதாகிறதோ, அப்போது அது சூரியனுக்கு நேரே நிற்கிறது.

குழாயை ஏற்றி வைத்துத் திருப்பும் தாங்கியில் இரண்டு வகை உண்டு. பூமியின் அச்சுக்கு இணையாக ஓர் அச்சை வைத்துத் திருப்பும், விலை கூடிய 'இக்குவட்டோரியல்' வகை நமக்குத் தோதுப்படாது. அதன் அச்சை நம் ஊர் அட்சரேகையான 5 பாகைக்குத் தாழ்த்த வேண்டும். மலிவு வகைகள் பல அவ்வளவு இறங்குவதில்லை. இறங்கினாலும் எடைக்கட்டை முக்காலியின் காலில் இடிக்கும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் சாதாரணத் தாங்கியே போதும். அதில் மெல்லத் திருப்பும் குமிழ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சூரியன் இரண்டே நிமிடத்தில் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். குமிழ் இல்லாவிட்டால் வரிசையில் நிற்கும் அடுத்த மாணவருக்கு வெறும் இருட்டுதான்.

இடத்துக்குப் பள்ளித் திடல் சரி, மேற்கே செம்பனை மறைக்காமல் இருந்தால். ஐந்து மணிக்குச் சூரியன் 30 பாகைக்கும் கீழே இறங்கியிருக்கும். நவம்பர் மாலை மழைக்கு மருந்தில்லை.

2032 வரை குழாய் சும்மா கிடக்க வேண்டியதில்லை. பகலில் கரும்புள்ளிகளைப் பார்க்கலாம். வியாழன் கோள் மேல் அதன் நிலாவான கனிமீடின் நிழல் விழும் இரவுகளில் 70 மடங்குக்கு மேல் வைத்து அதையும் முயலலாம். நம் ஊர் ஈரத்தில் வில்லையில் பூஞ்சை பிடிக்கும். பஞ்சுப் பையில் சுற்றி வைக்காமல், மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் காய வைத்துத் திரும்பப் போடலாம்.