காயில் கட்டும் கடையைத் தேடுவதற்கு கூகுள் மேப்ஸா, டைரக்டரி ஆப்பா?

போன சித்திரையில் எங்கள் மாந்தோப்பு போர் மோட்டாரில் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், எரிந்துவிட்டது. காவேரிப்பட்டினத்தில் வழக்கமாகக் காயில் கட்டித் தருபவர் கடையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். புதிதாக நட்ட கன்றுகளை அந்த வெயிலில் எத்தனை நாள் காயப் போட முடியும்? அன்று கூகுள் மேப்ஸிலும், கடை விவரங்களைத் தொகுத்துத் தரும் ஒரு டைரக்டரி ஆப்பிலும் மாற்றி மாற்றித் தேடினேன். அதன்பிறகு ஒரு வருடம் இரண்டையும் வைத்திருந்து, இப்போது மேப்ஸை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைப் பெயர், போன் நம்பர், திறக்கும் நேரம், ஸ்டார் எல்லாம் இரண்டிலும் உண்டு. அதில் பேச ஒன்றுமில்லை.

டைரக்டரி என்பது பழைய வழக்கம். ஜஸ்ட்டயல் 1996-இல், போன் செய்து கடை விவரம் கேட்கும் சேவையாகத்தான் தொடங்கியது. இந்த வகை ஆப்கள் பலவற்றில் நமக்கு என்ன வேண்டும் என்று பதிந்தால், கடைக்காரர்களே நம்மைக் கூப்பிடுவார்கள். நான் போட்டுப் பார்த்தது வேறொரு சிறிய ஆப், பெயர் வேண்டாம். நம்பரைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் ஓசூரிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் போன் வந்தது. காவேரிப்பட்டினத்திலிருந்து மோட்டாரை ஏற்றிக்கொண்டு ஓசூர் போய்வந்தால் வண்டி வாடகையே கூலியைத் தாண்டிவிடும்.

மேப்ஸில் எந்தக் கடை முதலில் வரும் என்பதற்கு கூகுள் சொல்லும் கணக்கு மூன்று: கேட்டதற்குப் பொருத்தம், தூரம், கடை எவ்வளவு பிரபலம். பணம் கட்டி இந்த வரிசையில் மேலே வர முடியாது என்கிறார்கள். விளம்பரங்கள் தனியாக அடையாளத்தோடு வரும். பிரபலத்தையும் கணக்கில் எடுப்பதால் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துப் பெரிய கடைகள் முன்னால் நிற்கும். நம் ஊர்த் தெருவரைக்கும் வரைபடத்தைப் பெரிதாக்கி, அந்த இடத்தில் மறுபடி தேடினால்தான் சின்னக் கடை தலைகாட்டும். ‘மோட்டார் ரிப்பேர்’, ‘காயில் வைண்டிங்’ என்று இரண்டு மூன்று விதமாக, தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுப் பாருங்கள். பாலக்கோடு என்று அடிக்கும்போது ஓர் எழுத்து தவறினால் பாலக்காட்டுக்குப் போய்விடும், அதையும் கவனியுங்கள்.

இதெல்லாம் சின்ன வித்தியாசங்கள்தான். என்னை ஒரு பக்கம் சாய வைத்தது ஒன்றே ஒன்று: தகவல் பழசாகிவிட்டால் அதை யார் சரிசெய்வது?

நம் பக்கத்தில் கடை இடம் மாறும், சிம் மாறும். மாங்கூழ் ஆலைகள் சீசனில்தான் மும்முரமாக ஓடும். போச்சம்பள்ளி சந்தை ஞாயிற்றுக்கிழமை; செவ்வாயன்று போனால் வெறும் திடல்தான். ஒரு முறை பதிந்து வைத்த விவரம் இங்கே ஒரு வருடம்கூடத் தாங்காது. மேப்ஸில் கடைக்காரர் தன் பதிவைத் தானே மாற்றலாம். அவர் மாற்றாவிட்டால் வாடிக்கையாளர் திருத்தம் அனுப்பலாம்: நம்பர், நேரம், இடம், கடை மூடிவிட்டது என்பது வரைக்கும். நான் போட்டுப் பார்த்த ஆப்பில் எங்கள் பழைய காயில் கடை திறந்திருப்பதாகவே இருந்தது. அதைத் திருத்த எனக்கு வழி கிடைக்கவில்லை.

மேப்ஸிலும் பழைய நம்பர் வரும். பாலக்கோடு ரோட்டில் கிடைத்த கடைக்குப் போட்டிருந்த நம்பர் வேலை செய்யவில்லை. ஆனால் யாரோ ஏற்றியிருந்த போட்டோவில் கடை போர்டு தெரிந்தது, அதில் வேறு நம்பர். கூப்பிட்டேன்.

“அண்ணா, போர் மோட்டாருக்குக் காயில் கட்டித் தருவீங்களா?”

“கட்டித் தரேன் தம்பி. மோட்டாரை மேல தூக்கற ஆளை நீங்கதான் பாத்துக்கணும்.”

மூன்றாம் நாள் தண்ணீர் பாய்ந்தது. அன்று இரவே அவர் நம்பரைத் திருத்தி அனுப்பினேன், பழைய கடை மூடிவிட்டதையும் தெரிவித்தேன். சில நாளில் இரண்டும் மாறிவிட்டன. அப்போதிலிருந்து எந்தக் கடைக்குப் போவதற்கு முன்னாலும் ஸ்டாரைப் பார்ப்பதில்லை. விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி வைத்துக் கடைசித் தேதியைப் பார்க்கிறேன், அப்புறம் போட்டோவில் போர்டைப் பார்க்கிறேன். ஒரே வாரத்தில் ஐந்து ஸ்டாராகக் குவிந்திருந்தால் சொந்தக்காரர்கள் போட்டதாக இருக்கலாம், அதை நம்புவதில்லை.

சரி, டைரக்டரிக்கு வேலையே இல்லையா? வீடு மாற்ற வண்டி, பந்தல், சமையல்காரர் என்று நாலு பேரிடம் விலை கேட்டு முடிவு செய்யும் வேலைக்கு அது நல்லதாக இருக்கலாம். தங்கை வீட்டுச் சாமானைத் தருமபுரியிலிருந்து சேலத்துக்கு மாற்றும்போது டைரக்டரியில் பதிந்ததில், ஒரே மாலையில் மூன்று பேர் விலை சொன்னார்கள். அதில் குறைந்த விலைக்காரர் பொருள் எதுவும் உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் அது ஒரே ஒரு முறை. அதை வைத்து எல்லோருக்கும் சிபாரிசு செய்ய எனக்குத் தைரியம் இல்லை.